கோடையிலும் குளிரும் மலை

மே மாதம். விக்ரோலியில் இரவு பத்து மணி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனாலும் முதுகில் வேர்வை வழிகிறது. பார்க்சைட், சூர்யா நகர், தாகூர் நகர், கண்ணம்வார் நகர் எங்கும் இதே நிலைதான். கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறார்கள். சிலர் வாசலில் பாய் விரிக்கிறார்கள். "கொஞ்சம் குளிர்ந்த காற்று வராதா?" என்று ஏங்குகிறார்கள்.

அதே மே மாதம். அதே இரவு. இமயமலையில் ஒரு கூடாரம். உள்ளே படுத்திருப்பவருக்குப் பல் கிட்டுகிறது. கால் விரல்கள் மரத்துப் போகின்றன. புரண்டு புரண்டு படுக்கிறார். தூக்கம் வரவில்லை. "எப்போது விடியும்?" என்று ஏங்குகிறார்.

இரண்டு இடங்களிலும் கோடைக்காலம்தான். ஆனால் ஓர் இடத்தில் வேர்வை. மற்றோர் இடத்தில் நடுக்கம். இது ஏன்? மலையில் இரவைப் பத்திரமாகக் கழிப்பது எப்படி? இந்தப் பாடம் அதைச் சொல்கிறது.

யார் மலைக்குப் போகிறார்கள்?

மே மாதம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் விடுமுறை. மும்பையிலிருந்து இளைஞர்கள் பலர் இமாசலப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் மலையேற்ற முகாம்களுக்குப் போகிறார்கள். இந்திய யூத் ஹாஸ்டல்ஸ் சங்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய முகாம்களை நடத்துகின்றன. வழியில் கூடாரத்தில்தான் தங்க வேண்டும்.

பெரியவர்கள் கேதார்நாத்துக்குப் போகிறார்கள். அமர்நாத்துக்குப் போகிறார்கள். ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் அப்படியே கொடைக்கானலும் ஊட்டியும் பார்த்து வருகின்றன.

இவர்களில் பலருக்குக் குளிர் பழக்கம் இல்லை. மும்பையில் குளிர்காலத்திலும் கடுங்குளிர் கிடையாது. 1962 ஜனவரி 22-ஆம் நாள் சாந்தாகுரூசில் வெப்பநிலை 7.4 டிகிரிக்கு இறங்கியது. அது பெரிய செய்தி. இன்றும் அதை ஒரு சாதனையாகச் சொல்கிறார்கள். உயர்ந்த மலைகளிலோ கோடைக்கால இரவிலேயே அதைவிட அதிகக் குளிர் இருக்கும்.

பழக்கம் இல்லாததால் பயமும் இல்லை. "கோடைதானே! ஒரு போர்வை போதும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உயரம் கூடினால் குளிர் கூடும்

சிலர் கேட்பார்கள்: "மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே? அங்கே சூடு அதிகமாக இருக்க வேண்டாமா?"

சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நாம் மலையில் நான்கு கிலோமீட்டர் உயரம் ஏறினால் என்ன மாறிவிடும்? ஒன்றும் மாறாது. மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. லேசான காற்றால் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். மே மாதம் மும்பையில் இரவு வெப்பநிலை சுமார் 27 டிகிரி. அதிலிருந்து கழித்துக்கொண்டே போகலாம்.

கல்சுபாய் சிகரம். மகாராஷ்டிரத்தில் மிக உயர்ந்த இடம். உயரம் 1,646 மீட்டர். இரவில் சுமார் 16 டிகிரி.

கொடைக்கானல். உயரம் சுமார் 2,100 மீட்டர். இரவில் சுமார் 13 டிகிரி.

கேதார்நாத். உயரம் 3,583 மீட்டர். இரவில் சுமார் 4 டிகிரி.

இது தோராயமான கணக்குதான். காற்று வீசினால் உடம்புக்கு இன்னும் அதிகக் குளிர் தெரியும். மழை பெய்தால் அதைவிட மோசம். பனி கொட்டினால் சொல்லவே வேண்டாம். மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். விடியற்காலையில்தான் குளிர் மிகவும் கடுமையாக இருக்கும்.

இரண்டு துயரங்கள்

1996 ஆகஸ்ட் மாதம். அமர்நாத் யாத்திரை நடந்துகொண்டிருந்தது. பெருங்கூட்டம் மலைப்பாதையில் இருந்தது. திடீரென்று கடும் மழை பெய்தது. பிறகு பனி கொட்டியது. பலரிடம் போதிய கம்பளி உடை இல்லை. ஒதுங்க இடம் இல்லை. நனைந்த துணியோடு நின்றார்கள். 240-க்கும் அதிகமான யாத்ரீகர்கள் இறந்துபோனார்கள்.

அதன் பிறகு அரசு ஒரு குழுவை அமைத்து விசாரித்தது. யாத்திரைக்கு விதிகள் வந்தன. இன்று மருத்துவச் சான்று இல்லாமல் யாரும் அமர்நாத் போக முடியாது.

2024 ஜூன் மாதத் தொடக்கம். உத்தராகண்டில் சஹஸ்திர தால் என்ற ஏரி இருக்கிறது. 4,000 மீட்டருக்கும் மேலான உயரம். ஒரு மலையேற்றக் குழு அங்கே போனது. வழிகாட்டிகளோடு சேர்த்து 22 பேர். பெரும்பாலோர் கர்நாடகத்துக்காரர்கள். திரும்பி வரும்போது பனிக்காற்றில் சிக்கினார்கள். முகாமுக்குப் போய்ச் சேர முடியவில்லை. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டார்கள். 9 பேர் இறந்தார்கள். 13 பேர் காப்பாற்றப்பட்டார்கள்.

இரண்டும் கோடைக்காலப் பயணங்கள். உயிரைக் குடித்தது குளிர். எனவே மலைக்குப் போகிறவர் குளிரைப் பற்றி முதலில் படிக்க வேண்டும். பயப்படுவதற்காக அல்ல. தயாராவதற்காக.

கம்பளி சூடு தருமா?

விக்ரோலியில் ஒரு வீடு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். முதல் முறையாக இமாசல முகாமுக்குப் போகிறாள். அம்மா மூட்டை கட்டுகிறார். பெரிய கம்பளி ஒன்று. அதற்கு மேல் இன்னொரு கம்பளி. பைக்குள் வேறு எதற்கும் இடம் இல்லை.

பக்கத்து அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் வேலை பார்த்தவர். அவர் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கம்மா ரெண்டு கம்பளி?"

"குளிருமே அண்ணாச்சி! கம்பளிதானே சூடு கொடுக்கும்?"

பெரியவர் சிரித்தார். மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கடைக்குப் போய் ரெண்டு ஐஸ் கட்டி வாங்கிட்டு வா. ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்."

அவள் வாங்கி வந்தாள். ஒரு கட்டியைத் தட்டில் சும்மா வைக்கச் சொன்னார். இன்னொரு கட்டியைப் பாலிதீன் உறையில் போட்டுக் கம்பளியில் சுற்றச் சொன்னார்.

"எது முதல்ல உருகும்?"

"கம்பளியில இருக்கிறதுதான் மாமா. கம்பளி சூடாச்சே!"

அரை மணி நேரம் ஆனது. தட்டில் இருந்த கட்டி பெரும்பாலும் தண்ணீராகிவிட்டது. கம்பளியைப் பிரித்தார்கள். உள்ளே கட்டி கொஞ்சம்தான் உருகியிருந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே ஆச்சரியம்.

"பார்த்தீங்களா? கம்பளி சூடு கொடுக்காது. வெளியே இருக்கிற சூட்டை உள்ளே விடாது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது. அது ஒரு காவல்காரன். அவ்வளவுதான்."

"அப்ப சூடு எங்கேயிருந்து வருது மாமா?"

"உன் உடம்பிலேயிருந்துதான் தாயி. நீ சாப்பிடுற சாப்பாடுதான் விறகு. உன் உடம்புதான் அடுப்பு. அந்தச் சூட்டைத் திருட்டுப் போகாமப் பார்த்துக்கணும். அதுதான் முழு வித்தையும்."

பெரியவர் சொன்னது உண்மை. கம்பளி நூலுக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்கிறது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அதனால்தான் ஐஸ் விற்பவர் கட்டியைச் சாக்கிலும் மரத்தூளிலும் மூடி வைக்கிறார். மராட்டிய வீடுகளில் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் கோதடி செய்கிறார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காற்று நிற்கிறது. அதனால் மெல்லிய பழந்துணியே நல்ல போர்வை ஆகிறது. தடித்த ஓர் உடையைவிட மெல்லிய மூன்று உடைகள் நல்லது என்று சொல்வதும் இதனால்தான்.

சூட்டைத் திருடும் நான்கு திருடர்கள்

முதல் திருடன், தரை. பலரும் மேலே போர்த்துவதைப் பற்றியே நினைக்கிறார்கள். கீழே என்ன விரிப்பது என்று நினைப்பதில்லை. மலைத் தரை குளிர்ந்து கிடக்கும். படுத்தவுடன் உடம்பின் சூட்டை அது உறிஞ்சும். உடம்பின் கனத்தால் அடியில் உள்ள கம்பளி நசுங்கிவிடும். காற்று வெளியேறிவிடும். பிறகு அந்தக் கம்பளியால் பெரிய பயன் இல்லை. எனவே நசுங்காத விரிப்பு வேண்டும். ஃபோம் பாய் மிகவும் நல்லது. கனம் இல்லை. சுருட்டிப் பையில் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் திருடன், காற்று. உடையில் அடைபட்ட சூடான காற்றை வெளிக்காற்று துடைத்துக்கொண்டு போய்விடும். ஸ்வெட்டரில் நிறைய ஓட்டைகள் உண்டு. காற்று உள்ளே புகும். மேலே மழைக்கோட்டு போட்டால் காற்று நிற்கும்.

மூன்றாம் திருடன், ஈரம். நான்கு பேரிலும் இவன்தான் கொடியவன். நனைந்த துணியில் காற்று இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது. தண்ணீர் சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பருத்தித் துணி தண்ணீரை நன்றாகக் குடிக்கும். எளிதில் காயாது. ஜீன்ஸ் நனைந்தால் விடியும் வரை ஈரம்தான். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். மழை மட்டும் ஈரம் அல்ல. வேர்வையும் ஈரம்தான்.

நான்காம் திருடன், திறந்த வானம். மேகம் இல்லாத இரவில் சூடு நேரே வானத்துக்குப் போகிறது. கூடாரம், மரநிழல், பாறை ஓரம் எல்லாம் கூரைபோல் இருந்து அதைக் குறைக்கும். தலையையும் காதையும் மூடினால் உடம்பின் சூடு மிஞ்சும்.

பையில் என்ன வைப்பது?

எல்லாம் புதிதாக வாங்க வேண்டியது இல்லை. பாதிப் பொருள்கள் வீட்டிலேயே இருக்கும். முகாம் நடத்துவோர் பலர் ஸ்லீப்பிங் பேக், அதாவது தூங்கும் பை கொடுக்கிறார்கள். கம்பளியும் கொடுப்பது உண்டு. என்ன தருவார்கள் என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்லீப்பிங் பேக்கை வாடகைக்கும் எடுக்கலாம். எடுக்கும்போது எத்தனை டிகிரி குளிர் வரை தாங்கும் என்று கேட்க வேண்டும். குளிர்காலத்தில் பரேல் பக்கம் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். மே மாதம் போகிறவர் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பையில் வைக்க வேண்டியவை:

1. ஒரு கம்பளி ஸ்வெட்டர். ஒரு மழைக்கோட்டு.
2. குரங்குக் குல்லா. மப்ளர். கையுறை.
3. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.
4. இரவு உடை ஒன்று. முழுக்கை, முழுக்கால் உடையாக இருக்க வேண்டும். இதைத் தடித்த பாலிதீன் உறையில் போட்டு இறுகக் கட்டி வைக்க வேண்டும். பகலில் என்ன ஆனாலும் இதைத் தொடக் கூடாது.
5. ஃபோம் பாய். அதற்கு அடியில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.
6. பழைய பருத்திப் புடவை ஒன்று. இரண்டாக மடித்து, ஓரம் தைத்துப் பைபோல் ஆக்கலாம். ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே இதை நுழைத்துப் படுத்தால் இன்னும் ஓர் அடுக்கு கிடைக்கும். வாடகைப் பையின் அழுக்கும் உடம்பில் படாது.
7. பழைய செய்தித்தாள் சில. பாய்க்கு அடியில் விரிக்கலாம். அவசரத்துக்கு ஸ்வெட்டருக்குள் மார்பில் வைத்துக்கொள்ளலாம். காற்று புகாது.
8. டார்ச். இறுக மூடும் தண்ணீர் பாட்டில்.
9. கடலை மிட்டாய், வெல்லம், பேரீச்சம்பழம்.

மலைவாசிகளின் அறிவு

குளிரில் வாழ்கிறவர்கள் இதையெல்லாம் பள்ளியில் படிக்கவில்லை. அனுபவத்தில் கற்றார்கள்.

இமாசலத்தில் கத்தி என்னும் ஆட்டிடையர்கள் இருக்கிறார்கள். கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு உயர்ந்த மலைகளுக்குப் போகிறார்கள். சோலா என்னும் தொளதொளப்பான கம்பளி அங்கி அணிகிறார்கள். இடுப்பில் நீளமான கம்பளிக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றுகிறார்கள். அங்கிக்குள் அடைபட்ட சூடு கீழே போகாமல் கயிறு தடுக்கிறது.

நம் நீலகிரியில் தோடர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய குடில் பாதிப் பீப்பாய்போல் வளைந்திருக்கும். வாசல் மிகவும் சிறியது. ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். சிறிய வாசலில் குளிர்காற்று அதிகம் நுழையாது. கூடாரத்துக்கும் இதே விதிதான். பெரிய கூடாரத்தில் இரண்டு பேர் படுத்தால் குளிரும். அளவான கூடாரத்தில் நெருக்கமாகப் படுத்தால் இதமாக இருக்கும்.

கூடாரம் எங்கே போடுவது?

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே பள்ளத்தாக்கின் அடியில் கூடாரம் போடக் கூடாது. மலை முகட்டிலும் போடக் கூடாது. அங்கே காற்று அதிகம். பள்ளத்துக்குச் சற்று மேலே, காற்று படாத மேட்டில் போடுவது நல்லது.

காய்ந்த ஓடை நல்ல சமதரையாகத் தெரியும். ஏமாறக் கூடாது. மேலே மழை பெய்தால் வெள்ளம் வரும்.

கூடாரத்தின் வாசல் காற்று வீசும் பக்கம் இருக்கக் கூடாது. ஆனால் காற்றுப்போக்கியை முழுவதும் மூடவும் கூடாது. நம் மூச்சில் ஈரம் இருக்கிறது. அது கூடாரத் துணியில் பட்டுத் தண்ணீராகும். பிறகு நம் மேலேயே சொட்டும்.

படுக்கும் முன் செய்ய வேண்டியவை

நடக்கும்போது உடம்பு சூடாகும். வேர்ப்பதற்கு முன்பே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும். முகாமில் நின்றவுடன், குளிர்வதற்கு முன்பே மறுபடியும் போட வேண்டும். குளிர்ந்த பிறகு போர்த்துவது கடினம். சூடாக இருக்கும்போதே போர்த்துவது எளிது.

இரவில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். களைப்பில் சிலர் சாப்பிடாமல் படுத்துவிடுவார்கள். அது அடுப்பில் விறகு வைக்காமல் சமைப்பதுபோல். பருப்பும் சோறும் நெய்யும் நல்லது. படுக்கும்போது ஒரு துண்டு கடலை மிட்டாய் சாப்பிடலாம். லோனாவாலா சிக்கி மும்பைக்காரர் எல்லோருக்கும் தெரியும். அது மலைக்கு ஏற்ற பண்டம்.

பகலில் போட்ட உடையைக் கழற்றிவிட வேண்டும். காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் வேர்வை இருக்கும். பாலிதீன் உறையில் கட்டிய இரவு உடையை இப்போது எடுத்துப் போட வேண்டும். காலுறையையும் மாற்ற வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக்கை அரை மணி முன்பே பையிலிருந்து எடுத்து உதற வேண்டும். அது உப்பி நின்றால்தான் காற்று அடைபடும்.

பாட்டிலில் வெந்நீர் ஊற்றி இறுக மூடலாம். ஒரு காலுறைக்குள் போட்டு வயிற்றருகிலோ தொடை நடுவிலோ வைத்துக்கொள்ளலாம். நேரே தோலில் படக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் உதவாது. உருகி நெளிந்துவிடும்.

படுப்பதற்கு முன் சிறுநீர் கழிக்க வேண்டும். நடுஇரவிலும் அடக்கி வைக்கக் கூடாது. அடக்கினால் தூக்கம் கெடும். டார்ச்சும் செருப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். துணைக்கு ஒருவரை எழுப்பிக்கொண்டு போகலாம். தனியாக இருட்டில் போக வேண்டாம்.

செய்யக் கூடாதவை

கூடாரத்துக்குள் நெருப்பு வேண்டாம். கரி அடுப்பு, ஸ்டவ், கணப்புச் சட்டி எதுவும் வேண்டாம். மூடிய இடத்தில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாமலே உயிர் போய்விடும். குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்தி மலை ஊர்களிலிருந்து வந்ததுண்டு.

மது வேண்டாம். குடித்தால் சூடு ஏறுவதுபோல் தெரியும். உண்மையில் தோலுக்கு ரத்தம் பாய்கிறது. உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போகிறது. கொஞ்ச நேரத்தில் உடம்பு முன்பைவிடக் குளிர்ந்துவிடும். ஆபத்து வந்தாலும் புரியாது.

மூக்கையும் வாயையும் பைக்குள் வைத்து மூட வேண்டாம். மூச்சின் ஈரம் பையை நனைக்கும். முகத்தை மட்டும் வெளியே விட்டுத் தலையை மூட வேண்டும்.

இறுக்கமான காலுறை வேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் குளிரும்.

உடம்பு தரும் எச்சரிக்கை

நம் உடம்பின் இயல்பான வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து.

முதலில் நடுக்கம் வரும். பிறகு கை தடுமாறும். பொத்தான் போட வராது. பேச்சு குழறும். நடை தள்ளாடும். சொன்னதையே சொல்வார். கோபப்படுவார். "எனக்கு ஒன்றும் இல்லை" என்பார். அவரை நம்பக் கூடாது. கடும் நடுக்கம் திடீரென்று நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

உடனே செய்ய வேண்டியவை:

1. காற்றும் மழையும் படாத இடத்துக்குக் கொண்டு போங்கள்.
2. ஈர உடையை நீக்கி, உலர்ந்த உடை போடுங்கள்.
3. தரையில் படாமல் பாய், பை, துணி எல்லாம் விரித்துப் படுக்க வையுங்கள்.
4. தலையையும் உடம்பையும் நன்றாகப் போர்த்துங்கள்.
5. நினைவு இருந்தால், விழுங்க முடிந்தால், இனிப்பான சூடான தண்ணீரோ பாலோ கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
6. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை மார்பிலும் அக்குளிலும் வையுங்கள்.
7. கை கால்களைத் தேய்க்காதீர்கள். நெருப்பருகே வைக்காதீர்கள்.
8. விரைவில் மருத்துவ உதவி தேடுங்கள். தொலைபேசி கிடைத்தால் 112 எண்ணைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் அது குளிர் மட்டும் அல்ல. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. போர்வையால் அது தீராது. கீழே இறங்குவதுதான் மருந்து.

கூச்சம் வேண்டாம்

குளிரை மறைப்பவர்கள் பலர். "மற்றவர்கள் சும்மா இருக்கிறார்களே! நான் மட்டும் சொன்னால் சிரிப்பார்களே!" என்று நினைக்கிறார்கள். பையன்கள் வீரம் காட்டுகிறார்கள். பெண்கள் தொந்தரவு தரக் கூடாது என்று பொறுத்துக்கொள்கிறார்கள். கம்பளி வாங்க வசதி இல்லாதவர் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. கூடாரத்தில் யாரிடமாவது ஒரு கம்பளி கூடுதலாக இருக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

எனவே இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்வது நல்லது. படுக்கும் முன் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்: "கால் சூடாக இருக்கிறதா? உள் உடை உலர்ந்திருக்கிறதா? சாப்பிட்டாயா?" இந்த மூன்று கேள்விகளுக்குச் செலவு இல்லை.

பெரிய மலைக்குப் போகும் முன் ஒத்திகை பார்க்கலாம். விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் ஏறி, தானேயில் மாறி, கசாரா பக்கம் போனால் சகியாத்ரி மலை வந்துவிடும். குளிர்காலத்தில், விவரம் தெரிந்தவர்களோடு அங்கே ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம். பையில் எது குறைகிறது என்று அன்றே தெரிந்துவிடும். அங்கே குறை தெரிந்தால் வீடு பக்கம். இமயமலையில் தெரிந்தால் வீடு வெகுதூரம்.

நினைவில் வையுங்கள்

உடம்புதான் அடுப்பு. உணவுதான் விறகு. கம்பளி காவல்காரன். ஈரம் எதிரி. மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரியுங்கள்.

சொற்களும் பொருளும்

முகடு – மலையின் மேல் விளிம்பு
கணப்பு – குளிர் காய மூட்டும் நெருப்பு
ஒத்திகை – முன்கூட்டிச் செய்து பார்ப்பது
தோராயம் – ஏறக்குறைய உள்ள அளவு

விடை எழுதுங்கள்

1. கம்பளியில் சுற்றிய ஐஸ் கட்டி ஏன் மெதுவாக உருகுகிறது?
2. சூட்டைத் திருடும் நான்கு திருடர்கள் யார்?
3. கூடாரத்துக்குள் கரி அடுப்பு ஏன் வைக்கக் கூடாது?
4. நடுங்கியவருக்கு நடுக்கம் திடீரென்று நின்றால் என்ன பொருள்?

கணக்குப் போடுங்கள்

மும்பையில் இரவு வெப்பநிலை 27 டிகிரி. 4,000 மீட்டர் உயரத்தில் தோராயமாக எத்தனை டிகிரி இருக்கும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் பகுதியிலிருந்து மலைக்குப் போய் வந்தவர் யாராவது உண்டா? வாசிப்பு மையத்துக்கு அவரை அழையுங்கள். இரவில் எப்படித் தூங்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஐந்து வரிகளில் எழுதி மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.